தோல் சாரத்துக்குள் ரத்தக் குழாய்: முட்டையில் பார்ப்பதா, சுண்டெலியிலா, பன்றியிலா?

தீக்காய வார்டில் இன்டெக்ரா என்ற செயற்கைத் தோல் வைத்த நோயாளி ஒருவரைத் தினமும் போய்ப் பார்த்தவர்களுக்கு 3 வாரம் என்பது எவ்வளவு நீளம் என்று தெரியும். கருகிய தோலை வெட்டியெடுத்துவிட்டு, மாட்டுத் தசைநாரின் கொலாஜனும் சுறாவின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட்டும் சேர்ந்த பஞ்சு போன்ற ஒரு தகட்டை அங்கே பொருத்துவார்கள். அதன் மேல் சிலிக்கோன் படலம் இருக்கும். அப்புறம் காத்திருப்புதான். அடியில் உள்ள சதையிலிருந்து ரத்தக் குழாய்கள் அந்தப் பஞ்சுக்குள் மெல்ல ஏறி வர வேண்டும். வந்துவிட்டதா என்பதைத் தகட்டின் நிறம் மாறுவதை வைத்து டாக்டர்கள் கணிப்பார்கள். வந்த பிறகுதான் சிலிக்கோனை உரித்து, நோயாளியின் சொந்த மேல்தோலை மெல்லியதாகச் சீவி ஒட்ட முடியும். இடையில் அடியில் ரத்தம் கட்டினாலோ சீழ் பிடித்தாலோ தகடு பெயர்ந்துவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஜான் பர்க்கும் எம்ஐடியின் இயன்னிஸ் யன்னாஸும் இந்தச் செயற்கைத் தோலை நோயாளிகளுக்கு வைத்துப் பார்த்த முடிவுகளை வெளியிட்டது 1981-ல். அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது 1996-ல். அதற்குப் பிறகு இது போன்ற எத்தனையோ தோல் சாரங்கள் வந்துவிட்டன, ஆனால் குழாய் வந்து சேரும் அந்தக் காத்திருப்பு இன்னும் முழுதாகத் தீரவில்லை. புதிதாகத் தோல் சாரம் செய்யும் ஒவ்வொரு ஆய்வகமும் உள்ளுக்குள் ஆசைப்படுவது அந்த 3 வாரத்தைக் குறைக்கத்தான்.

சாரம் என்று நான் சொல்வது ஸ்காஃபோல்டை. வீடு கட்டும்போது கட்டும் சாரம் மாதிரியே, செல்கள் ஏறி நின்று வேலை செய்து முடித்ததும் போய்விட வேண்டிய தற்காலிக அமைப்பு இது. பெரும்பாலும் கொலாஜன்தான் மூலப்பொருள். சென்னைக்கு அது பழகிய பொருள். கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு என்ற அமைப்பை ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கார்த்தாவும் 1954-ல் முன்வைத்தது சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து. அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையத்தில் கொலாஜன் வேலை இன்றும் நடக்கிறது.

சாரத்தைச் செய்துவிடலாம். அதற்குள் குழாய் வளர்கிறதா என்று எதில் வைத்துப் பார்ப்பது? ஆய்வு மாணவர்கள் தடுமாறும் இடம் இதுதான். வழி பல இருக்கின்றன. செலவு, காலம், அனுமதி எல்லாமே ஒன்றுக்கொன்று மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். தவறானதைத் தேர்ந்தெடுத்தால் ஒன்றரை வருடம் போன பிறகு, கேட்ட கேள்விக்கு அந்தச் சோதனையால் பதில் சொல்லவே முடியாது என்று தெரியவரும். அப்படி நொந்து போனவர்களைப் பார்த்ததால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கேள்வியைப் பிரித்துக்கொள்ளுங்கள்

செல் உயிரோடு இருக்க, ரத்தக் குழாய் அதிலிருந்து 100 முதல் 200 மைக்ரோமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஒன்றிரண்டு தலைமுடித் தடிமன் என்று வைத்துக்கொள்ளலாம். நோயாளியின் சொந்தத் தோலை எடுத்து ஒட்டினால் முதல் இரண்டு நாள் அது அடியில் கசியும் நீரை உறிஞ்சியே பிழைத்திருக்கும். அதற்குள் அடிச்சதையின் குழாய் முனைகளும் ஒட்டின் பழைய குழாய் முனைகளும் ஒன்றையொன்று கண்டுபிடித்து இணைந்துவிடும். சாரத்தில் அப்படிப் பழைய குழாய் எதுவும் கிடையாது. புதிதாக ஒவ்வொன்றும் முளைத்து, மில்லிமீட்டர் கணக்கில் ஏற வேண்டும். நாள் கணக்கு வாரக் கணக்காவது இதனால்தான்.

ஆகவே “குழாய் வளர்கிறதா” என்ற ஒரே வரிக்குள் குறைந்தது மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. இந்தப் பொருளைக் குழாய் செல்கள் ஏற்றுக்கொள்கின்றனவா? சாரத்தின் மேல் மட்டம் வரை உண்மையாகவே ரத்தம் ஓட எத்தனை நாள் ஆகிறது? மனிதக் காயத்திலும் இது இப்படியே நடக்குமா? முதல் கேள்விக்குப் பன்றி தேவையில்லை. மூன்றாவதுக்கு முட்டை போதாது. நடுவில் இருக்கும் கேள்விதான் தோல் சாரத்தின் உயிர்நாடி, அதைத்தான் பெரும்பாலான ஆய்வுகள் நேராகக் கேட்காமல் நழுவிவிடுகின்றன. குழாய்ச் சுவர் செல்களுக்கு நிறமேற்றும் சிடி31 ஸ்டெயினில் பழுப்பு நிறத்தில் நிறைய வளையங்கள் தெரிந்தால் போதும் என்று எழுதிவிடுகிறார்கள். வளையம் தெரிவதாலேயே அதற்குள் ரத்தம் ஓடியது என்று ஆகிவிடாது.

செல் வளர்க்கும் தட்டில் செய்யும் சோதனைகள்

எல்லோரும் முதலில் கை வைப்பது மேட்ரிஜெல் குழாய்ச் சோதனை. தொப்புள்கொடிச் சிரையின் உட்சுவரிலிருந்து எடுத்த ஹூவெக் செல்களை மேட்ரிஜெல் மேல் தூவினால், அன்று மாலையே வலை போல இணைந்துவிடும். படம் மிக அழகாக வரும், ஆய்வறிக்கையின் அட்டைக்கே போடலாம். ஆனால் மேட்ரிஜெல் என்பது சுண்டெலிக் கட்டி ஒன்றிலிருந்து எடுத்த புரதக் கூழ். அதன் மேல் ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற இணைப்புத் திசுச் செல்களைப் போட்டாலும் வலை கட்டும். செல்கள் நிற்பதும் மேட்ரிஜெல் மேல்தான், உங்கள் சாரத்தின் மேல் இல்லை. சாரத்தை ஊறவைத்த நீர் செல்லைக் கொல்கிறதா, அதிலிருந்து வெளிவரும் வளர்ச்சிக் காரணி வேலை செய்கிறதா என்பது வரை சொல்லும். அதற்கு மேல் அதனிடம் கேட்கக் கூடாது.

தட்டிலேயே செய்ய வேண்டுமென்றால் என் தேர்வு பெருந்தமனி வளையச் சோதனை. ரோபர்ட்டோ நிக்கோசியா 1990-ல் ஒட்டினெட்டியோடு சேர்ந்து சீரம் இல்லாத ஊடகத்தில் இதை நடத்திக் காட்டினார். எலியின் பெருந்தமனியை ஒரு மி.மீ. வளையங்களாக நறுக்கி, கொலாஜனிலோ ஃபைப்ரினிலோ புதைத்தால் ஒரு வாரத்தில் சுற்றிலும் முளைகள் கிளம்பும். முளைப்பது குழாயின் உட்சுவரை அமைக்கும் எண்டோதீலியல் செல் மட்டும் அல்ல. அதோடு ஒட்டிக்கொள்ளும் பெரிசைட்டும், இணைப்புத் திசுச் செல்லும், மேக்ரோஃபேஜும் கூடவே வரும். ஒரே எலியிலிருந்து 20 வளையத்துக்கு மேல் கிடைக்கும் என்பதால் உயிர்ச்சேதமும் குறைவு. உங்கள் சாரத்தின் கொலாஜனையே கூழாக்கி அதில் வளையத்தைப் புதைக்க முடிந்தால் முதல் கேள்விக்கு நியாயமான பதில் கிடைக்கும். ரத்த ஓட்டம் இதிலும் கிடையாது.

நுண்பாய்ம சில்லுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சின்ன வாய்க்கால்களில் எண்டோதீலியல் செல்களை வளர்த்து, நிஜமாகவே நீரோட்டம் விடுகிறார்கள். 2022 டிசம்பரில் அமெரிக்காவும், 2023-ல் இந்தியாவும் புதிய மருந்துகளுக்கு விலங்கு இல்லாத சோதனைகளையும் ஏற்கும்படி விதிகளைத் திருத்தியதால் இவற்றுக்கு நல்ல காலம்தான். ஆனால் துளைகள் நிறைந்த, வளையும் தன்மையுள்ள, ஒரு மி.மீ. தடிமனுள்ள தோல் சாரத்தை அந்த வாய்க்காலுக்குள் திணிப்பது கடினம். சாரத்தைச் சில்லுக்கு ஏற்றபடி மாற்றினால், கடைசியில் நீங்கள் சோதிப்பது வேறொரு சாரமாகிவிடும்.

முட்டை

என் மனதுக்கு நெருக்கமான சோதனை இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கோழிக்கரு 21 நாளில் பொரிக்கும். நாலைந்தாம் நாளில் கருவைச் சுற்றியுள்ள இரண்டு சவ்வுகள் ஒட்டி ஒன்றாகி, ஓட்டுக்கு அடியில் பரவும். குஞ்சு மூச்சு விடுவது அதன் வழியாகத்தான். கோரியோஅலன்டாயிக் சவ்வு என்று முழுப்பெயர், ஆய்வகத்தில் கேம் என்பார்கள். உடம்பில் இவ்வளவு வேகமாக ரத்தக் குழாய் பரவும் இடம் அபூர்வம். மூன்றாம் நாளில் ஊசியால் 2 அல்லது 3 மில்லி வெள்ளைக்கருவை உறிஞ்சிவிட்டால் கரு ஓட்டிலிருந்து கீழே இறங்கும். மேலே ஒரு சன்னல் வெட்டி டேப் ஒட்டி, 37.5 டிகிரியில் திரும்ப வைக்கலாம். எட்டாம் நாள் வாக்கில் 5 மி.மீ. வட்டமாக வெட்டிய சாரத்தை அந்தச் சவ்வின் மேல் வைத்து, 12 முதல் 14-ஆம் நாளுக்குள் எடுத்துப் பார்க்கலாம்.

செலவு மிகக் குறைவு. ஒரு தடவைக்கு 60 முட்டை வைத்தாலும் பட்ஜெட் தாங்கும். ஒன்று மட்டும், கடை முட்டையை வாங்கி வந்துவிடாதீர்கள். நாமக்கல்லிலிருந்து லாரி லாரியாக வருவது சேவல் சேராத பண்ணை முட்டை, அதில் கரு கிடையாது. குஞ்சுப் பொரிப்பகத்தில் சொல்லிவைத்துக் கருமுட்டை வாங்க வேண்டும். வெள்ளை ஓடாக இருந்தால் விளக்கு வெளிச்சத்தில் குழாய் இருக்கும் இடம் பார்த்துச் சன்னல் வெட்டச் சுலபம்.

கரு அந்த வயதில் அந்நியப் பொருளை எதிர்க்கும் திறனை இன்னும் முழுதாகப் பெற்றிருக்காது. அதனால் மனிதச் செல் விதைத்த சாரத்தையும் வைக்கலாம், தனியாக நோய் எதிர்ப்பு இல்லாத சுண்டெலி வாங்க வேண்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010 விதிமுறை பறவைக் கருவை விலங்குச் சோதனைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இங்கே உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதிவைப்பது நல்லது. பின்னால் ஜர்னல் கேட்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது கோழி ரத்தம். நம் சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது, கோழியின் சிவப்பணுவுக்கு உண்டு. சாதாரண ஹெச் அண்ட் ஈ ஸ்டெயின் போட்ட செக்‌ஷனில், அதாவது திசுவின் மெல்லிய சீவலில், சாரத்தின் துளைக்குள் நீலப்புள்ளி உள்ள முட்டை வடிவச் சிவப்பணுக்கள் ஒரு குழாய்க்குள் வரிசையாகத் தெரிந்தால், அந்தக் குழாய் கோழியின் ஓட்டத்தோடு சேர்ந்துவிட்டது என்பதற்கு அதைவிட எளிய சாட்சி வேண்டாம். மனித எண்டோதீலியல் செல்லைச் சாரத்தில் விதைத்திருந்தால் இன்னும் நல்லது. சுவர் மனித சிடி31 காட்ட, உள்ளே உட்கரு உள்ள சிவப்பணு ஓட, இரண்டும் இணைந்துவிட்டதற்கு ஒரே படத்தில் நிரூபணம் கிடைத்துவிடும். குழாயைக் கணக்கிட மசூர் பருப்பிலிருந்து எடுக்கும், குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் லெக்டின் என்ற புரதத்தில் ஒளிரும் சாயம் ஏற்றிய கரைசல் ஒன்று கிடைக்கிறது. கருவின் நாளத்தில் அதைச் செலுத்தினால் ஓட்டம் உள்ள குழாய் மட்டும் ஒளிரும்.

இத்தனை நல்லதைச் சொன்ன நான் இதன் பொய்களையும் சொல்லியாக வேண்டும். உலர்ந்த கொலாஜன் சாரத்தைச் சவ்வின் மேல் வைத்ததும் அது ஈரத்தை உறிஞ்சும், சவ்வு சுருங்கும், ஏற்கெனவே இருந்த குழாய்கள் இழுபட்டுச் சாரத்தை நோக்கிச் சக்கரத்தின் ஆரக்கால் போல நிற்கும். மேலிருந்து படமெடுத்து எண்ணினால் “புதிய குழாய்கள்” என்று அத்தனையும் கணக்கில் ஏறும், ஆனால் அதில் ஒன்றுகூடப் புதிதாக முளைத்ததாக இருக்காது. என் முதல் தொகுதியில் ஓடு வெட்டும்போது விழுந்த தூளை நான் பொருட்படுத்தவில்லை. அந்தத் தூள் சவ்வில் அழற்சியைக் கிளப்பி, வெறும் உப்புநீர் வைத்த முட்டையிலும் குழாய் பெருகிக் கிடந்தது. சாரத்தின் வெற்றி என்று நினைத்த படங்களை மொத்தமாக ஒதுக்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து மூன்று விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. சாரத்தை முன்கூட்டியே உப்புநீரில் ஊறவைத்துத்தான் வைக்க வேண்டும். எண்ணுபவருக்கு எந்த முட்டை எது என்று தெரியக் கூடாது. மேலிருந்து எடுத்த படம் ஆதாரமாகாது, குறுக்குவெட்டு செக்‌ஷனில் சாரத்துக்கு உள்ளே தெரிவது மட்டுமே கணக்கு.

இன்னொரு வரம்பை எந்தக் கவனத்தாலும் தாண்ட முடியாது. சாரம் முட்டையில் இருக்கப்போவது 4 முதல் 6 நாள். மனிதக் காயத்தில் 3 வாரம் கேட்கும் ஒரு பொருள் இங்கே அடி மட்டத்தை மட்டும்தான் தாண்டியிருக்கும். எனவே எது முந்துகிறது என்று முட்டை சொல்லும். எத்தனை நாளில் மேலே வந்து சேரும் என்பதை அதனால் சொல்ல முடியாது.

சுண்டெலியின் முதுகில் மூன்று விதம்

சுலபமானது, முதுகுத் தோலுக்கு அடியில் ஒரு பை போலத் திறந்து சாரத்தைச் செருகித் தைத்துவிடுவது. ஏராளமான கட்டுரைகள் இப்படித்தான் வந்திருக்கின்றன. தோல் சாரத்துக்கு இது பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. தோலடிப் பையில் சாரத்தின் மேலும் கீழும் பக்கவாட்டிலும் சதை சூழ்ந்திருக்கும், எல்லாத் திசையிலிருந்தும் குழாய் வரும். நிஜக் காயத்தில் மேலே சிலிக்கோனோ காற்றோதான் இருக்கும். வழி அடியிலிருந்தும் ஓரத்திலிருந்தும் மட்டுமே. ஒரு மி.மீ. சாரத்தில் இரண்டு பக்கமும் குழாய் வந்தால் ஒவ்வொன்றும் அரை மி.மீ. கடந்தால் போதும், அடியிலிருந்து மட்டும் என்றால் முழு மி.மீ. ஏற வேண்டும். எளிதான கணக்கைத் தீர்த்துவிட்டுக் கடினமான கணக்குக்கு மதிப்பெண் வாங்குவதுபோல இது. பொருள் உடம்புக்குள் எப்படிக் கரைகிறது, சுற்றி உறை கட்டுகிறதா என்று பார்க்க மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது முழு ஆழக் காயம். தோலை வட்டமாக வெட்டியெடுத்து அந்த இடத்தில் சாரத்தை வைப்பது. இங்கே ஒரு பெரிய சிக்கல். சுண்டெலியின் தோல் தளர்வானது, அதன் அடியில் மெல்லிய தசை விரிப்பு ஒன்று இருக்கிறது. காயம் பட்டால் அந்தத் தசை ஓரங்களை இழுத்து மூடிவிடும். மனிதருக்கு அப்படி இல்லை, புதுச் சதை வளர்ந்து நிரம்பித்தான் ஆற வேண்டும். சுருங்கி மூடிய காயத்தில் சாரம் நசுங்கிச் சுருண்டு கிடக்கும், ஒரு சதுர மி.மீ.க்கு இத்தனை குழாய் என்ற எண்ணிக்கை செயற்கையாக ஏறிவிடும். இதைத் தடுக்கக் காயத்தைச் சுற்றிச் சிலிக்கோன் வளையம் ஒட்டித் தைப்பார்கள். வளையம் ஓரங்களைப் பிடித்துக்கொள்வதால் காயம் ஓரளவு மனிதக் காயம் போல ஆறும். வளையம் கழன்ற சுண்டெலியைக் கணக்கிலிருந்து நீக்குவோம் என்று தொடங்கும் முன்பே எழுதிவைத்துவிடுங்கள். முடிவைப் பார்த்த பிறகு நீக்கினால் யாரும் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது.

வளையமிட்ட காயத்தில் 3, 7, 14, 21-ஆம் நாள் எடுத்துப் பார்க்கலாம். செக்‌ஷனைக் காயப்படுகைக்குச் செங்குத்தாக வெட்டி, சாரத்தை அடி, நடு, மேல் என்று மூன்று பட்டையாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தனித்தனியாக எண்ண வேண்டும். மொத்தமாக ஒரே சராசரி கொடுத்தால், அடியில் நெருக்கமாகவும் மேலே சுத்தமாக இல்லாமலும் இருக்கும் சாரமும், எங்கும் ஒரே சீராக இருக்கும் சாரமும் ஒரே மதிப்பெண் வாங்கிவிடும். மேல்தோல் ஒட்டு உட்காரப்போவது மேல் பட்டையின் மேல் என்பதால் நோயாளிக்குத் தேவை அந்தப் பட்டையின் எண்தான். கொல்வதற்குச் சில நிமிடம் முன் வால் நாளத்தில் சாயமேற்றிய தக்காளி லெக்டினைச் செலுத்திவிட்டால் ஓட்டமுள்ள குழாய் எது, வெறும் வளையம் எது என்று பிரித்துவிடலாம். ரத்த ஓட்டத்தை வெளியிலிருந்து அளக்கும் லேசர் டாப்ளரை மட்டும் நம்பாதீர்கள். அடியில் உள்ள படுகையின் ஓட்டத்தையும் அது சேர்த்துப் படிக்கக்கூடும்.

மூன்றாவது, முதுகுத் தோல்மடிப்புச் சாளரம். சுண்டெலிகளில் இதை முதலில் பொருத்திக் காட்டியவர் கிளென் அல்கிர், 1943-ல். முதுகுத் தோலை மடித்துத் தூக்கி, இரண்டு டைட்டானியம் சட்டங்களுக்கு நடுவே நிறுத்தி, ஒரு பக்கத் தோலை வட்டமாக நீக்கிக் கண்ணாடி மூடுவார்கள். இரண்டு நாள் ஓய்வு கொடுத்து, கண்ணாடியைத் திறந்து 3 மி.மீ. அளவில் சாரத்தை வைத்து மூடியதும், அதே சுண்டெலியை 3, 6, 10, 14-ஆம் நாள் என்று மைக்ராஸ்கோப்பின் கீழ் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். எஃப்ஐடிசி டெக்ஸ்ட்ரான் செலுத்தியதும் ஓடும் ரத்தம் பச்சையாக ஒளிரும். எந்தக் குழாய் என்றைக்குத் திறந்தது, எந்த வேகத்தில் ஓடுகிறது, எங்கே கசிகிறது என்று எல்லாமே கண்முன் தெரியும். முதல் தடவை அந்தப் பச்சை ஒரு வெற்றுத் துளைக்குள் திரும்பி வளைந்து போவதைப் பார்த்தபோது நான் நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

சுண்டெலி எண்ணிக்கையும் குறையும். மூன்று வகைச் சாரம், நான்கு நாட்கள், குழுவுக்கு 6 என்றால் காயச் சோதனைக்கு 72 சுண்டெலி வேண்டும். சாளரத்தில் ஒரே சுண்டெலியை நான்கு நாளும் பார்ப்பதால் 18 போதும். ஆனால் அந்த 18-உம் சட்டத்தைச் சுமந்துகொண்டு இரண்டு வாரம் திரிய வேண்டும், அந்த வேதனையையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். பொருத்தக் கை பழகுவதற்கே மாதங்கள் ஆகும். இரண்டு மூன்று வாரத்தில் தோல் தொய்ந்துவிடும் என்பதால் அதற்கு மேல் பார்க்க முடியாது. சாதாரண ஒளிர்வு மைக்ராஸ்கோப்பில் சில நூறு மைக்ரோமீட்டர் ஆழம் வரைதான் எட்டும். தடித்த சாரத்துக்கு இது உதவாது.

தமனியையும் சிரையையும் வளையமாக இணைத்து அதைச் சுற்றிச் சாரத்தை வளர்க்கும் முறையும் உண்டு. அது எலும்புக்கும் பெரிய சதைத் துண்டுக்கும் நல்லது, மெல்லிய தோலுக்கு வேண்டாத வேலை.

பன்றி

பன்றித் தோல் நம்முடையதைப் போலவே சதையோடு இறுகி ஒட்டியது. மேல்தோல் தடிப்பு, முடி குறைவு, ஆறுவதும் பெரும்பாலும் நம்மைப் போல. காயச் சிகிச்சைகளைப் பற்றி 2001-ல் வெளியான ஒரு மறுபார்வையில், பன்றியில் வந்த முடிவு 78 சதவீதம் மனித முடிவோடு ஒத்துப்போனது. சிறு பாலூட்டிகளில் 53 சதவீதம், தட்டுச் சோதனைகளில் 57 சதவீதம். பலரும் மேற்கோள் காட்டும் எண்கள் இவை. சுண்டெலியைவிடத் தட்டு ஒரு படி மேலே நிற்பதைப் பார்த்துவிட்டுத் தட்டோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று முடிவு செய்துவிடக் கூடாது. அந்த மறுபார்வை எடுத்துக்கொண்டது பலவகைக் காயச் சிகிச்சைகளை, சாரத்துக்குள் குழாய் ஏறுவதை மட்டும் அல்ல.

ஒரே பன்றியின் முதுகில் பல காயங்கள் வைத்து, சாரங்களை இடம் மாற்றி மாற்றி ஒப்பிடலாம். நோயாளிக்கு வைக்கும் அதே தடிமன், அதே சிலிக்கோன், அதே மேல்தோல் ஒட்டு என்று முழு அறுவையையும் ஒத்திகை பார்க்கலாம். விலங்குப் பொருளோ செல்லோ இல்லாத பாலியூரிதேன் சாரமான நோவோசார்ப் பிடிஎம், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஜான் கிரீன்வுட்டின் குழுவிடம் மனிதருக்குப் போகும் முன் பன்றியில்தான் தேறியது. ஆனால் தலை சுற்ற வைக்கும் செலவு. இந்தியாவில் சுண்டெலிக்கு நிறுவன விலங்குக் குழு போதும், பன்றி போன்ற பெரிய விலங்குக்கு மத்தியக் குழுவான சிசிஎஸ்இஏ வரை போக வேண்டும். மயக்க மருந்து, கால்நடை மருத்துவர், தனிக் கொட்டகை எல்லாம் வேண்டும். மனிதச் செல் விதைத்த சாரத்தைப் பன்றி நிராகரித்துவிடும். ஐந்து வகைச் சாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பன்றிக்குப் போவது உயிருக்கும் பணத்துக்கும் செய்யும் அநியாயம். ஒரே ஒரு வகை மிஞ்சி, மருத்துவர் ஒருவர் அதை நோயாளிக்கு வைக்கக் காத்திருக்கும்போது மட்டும் போங்கள்.

யாருக்கு எது

செல் இல்லாத கொலாஜன் சாரம், துளை அளவை மாற்றி ஐந்து வகை, கையில் ஒன்றரை வருடம். பெரும்பாலான மாணவர்களின் நிலைமை இதுதான். இவர்கள் மேட்ரிஜெலை நச்சுத்தன்மைச் சோதனையோடு ஒரு வாரத்தில் முடித்துவிட்டு முட்டைக்கு வர வேண்டும். வகைக்கு 10 முட்டைக்குக் குறையாமல், மூன்று தனித்தனித் தொகுதிகளில். ஐந்தில் இரண்டு தேறும். அந்த இரண்டையும், கூடவே ஒப்பிட இன்டெக்ரா போலச் சந்தையில் உள்ள ஒன்றையும், வளையமிட்ட சுண்டெலிக் காயத்தில் 21 நாள் வரை பார்த்தால் ஒரு நேர்மையான ஆய்வேடு கையில் இருக்கும். தோலடிப் பையை நான் இவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன், அது எவ்வளவு சுலபமாக இருந்தாலும் சரி.

குழாயை முளைக்கத் தூண்டும் வளர்ச்சிக் காரணியான விஇஜிஎஃப்-ஐச் சாரத்தில் ஏற்றியிருப்பவர்களுக்கு வழி வேறு. விஇஜிஎஃப் தனியாக நிறையக் கிடைத்தால் குழாய் வேகமாக முளைக்கும், ஆனால் சுவர் பலவீனமாகவும் கசிவாகவும் இருக்கும், காரணி தீர்ந்ததும் வாடிப்போகும். முட்டையும் சிடி31-உம் இதை அமோக வெற்றி என்று காட்டும். கசிவையும் வாடலையும் கண்ணால் பார்க்கச் சாளரம்தான் வேண்டும். சாளரம் பொருத்தத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லையென்றால், குறைந்தது 21-ஆம் நாள் காய செக்‌ஷனில் சிடி31-ஓடு மென்தசை ஆக்டினையும் சேர்த்து ஸ்டெயின் செய்து, எத்தனை குழாய்க்கு வெளிச்சுவர் போர்த்தியிருக்கிறது என்று எண்ணுங்கள். 7-ஆம் நாள் எண்ணோடு நிறுத்துவது போதாது.

குழாய்களை முன்கூட்டியே சாரத்துக்குள் வளர்த்து வைப்பவர்களுக்குக் கேள்வியே மாறிவிடுகிறது. கியூபெக்கின் லவால் பல்கலைக்கழகத்தில் பிரான்சுவா ஒஜேயின் குழு, மனித எண்டோதீலியல் செல் சேர்த்த தோலைச் சுண்டெலியில் ஒட்டி 2005-ல் வெளியிட்ட முடிவு மறக்க முடியாதது. குழாய் வலை உள்ள தோலில் 4 நாளுக்குள் ரத்தம் ஓடியது, இல்லாத தோலில் 14 நாள் ஆனது. இங்கே முளைத்தல் முக்கியமல்ல, இணைதல்தான் முக்கியம். அது முதல் சில நாளிலேயே நடந்துவிடும் என்பதால் முட்டையின் குறுகிய காலம் இவர்களுக்குக் குறையாகவே இருக்காது. உட்கரு உள்ள சிவப்பணு என்ற சாட்சியும் கூடவே கிடைக்கும். அப்புறம் நோய் எதிர்ப்பு குறைந்த சுண்டெலியின் காயத்தில் 2, 4, 7, 14 என்று நாள் குறித்து, முதல் வாரத்தை நெருக்கமாகப் பார்க்க வேண்டும். வழக்கமான 7, 14, 21 அட்டவணையை வைத்தால் பார்க்க வேண்டியது 7-ஆம் நாளுக்கு முன்பே முடிந்துபோயிருக்கும். மனிதக் குழாயைப் பிரித்துக் காட்ட யூலெக்ஸ் லெக்டினையும், சுண்டெலிக் குழாய்க்கு வேறு நிறச் சாயமேற்றிய ஐசோலெக்டின் பி4-ஐயும் ஒன்றாகச் செலுத்துங்கள்.

எந்த வழியில் போனாலும் விலங்குக் குழுவுக்கான விண்ணப்பத்தை முதல் முட்டைத் தொகுதி இன்குபேட்டரில் இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள். குழு கூடி, திருத்தம் கேட்டு, மறுபடி கூட மாதங்கள் ஆகும். முட்டையின் முடிவு வந்த பிறகுதான் எழுதுவேன் என்று காத்திருந்தால் அந்த மாதங்கள் வீணாகும். விண்ணப்பத்தில் ஐந்து வகைக்கும் சேர்த்து எண்ணிக்கை கேட்க வேண்டாம். முட்டையில் தேறும் இரண்டு வகைக்கும் ஒப்பீட்டுக்கு ஒன்றுக்கும் மட்டும் என்று கேளுங்கள். எடுக்கும் ஒவ்வொரு காயத்தையும் பாதியாக வெட்டி, ஒரு பாதியை ஃபார்மலினிலும் மறு பாதியை உறைநிலையிலும் வையுங்கள். நல்ல சிடி31 ஆன்டிபாடிகளில் சில, ஃபார்மலினும் பாரஃபினும் கண்ட திசுவில் சரியாக ஒட்டாது.